வைரசிலிருந்தே வைரசுக்கு மாற்று: இன்புளுவென்சா எதிர்ப்புப் பெப்தைட்டுகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பெனிசிலின் பற்றியும் போலியோத் தடுப்பூசி பற்றியும் எழுந்த நூல்கள் பல. ஆயின், ஆய்வுகூடத்தில் பயன் தரும் என நிறுவப்பட்ட பின்னரும் நோயாளியின் கையை எட்டாத முயற்சிகளின் வரலாறு அரிதாகவே ஆராயப்படுகின்றது. அத்தகைய முயற்சி ஒன்றினையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம். இன்புளுவென்சா வைரசின் புரதங்களிலிருந்து சிறு துண்டுகளைத் தெரிந்தெடுத்து, அவற்றையே அவ் வைரசுக்கு எதிரான கருவியாகப் பயன்படுத்தும் முயற்சியே அது.

புரதங்கள் அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைவதால் உண்டாகுபவை என்பதும், அத்தகைய சங்கிலியின் குறுகிய துண்டே பெப்தைட்டு எனப்படும் என்பதும் பலரும் அறிந்தவையே. வைரசின் புரதங்கள் தனித்தனியே தொழிற்படுவதில்லை. ஒன்று மற்றொன்றுடன் பொருந்தியும், ஒரே புரதத்தின் ஒரு பகுதி மற்றொரு பகுதியுடன் மடிந்து இணைந்தும் தம் தொழிலை ஆற்றுகின்றன. எனவே, பொருந்தவேண்டிய பகுதியின் பிரதி ஒன்றை முன்கூட்டியே அவ்விடத்தில் புகுத்திவிட்டால் உண்மையான பகுதி பொருந்த இடமின்றிப் போகும். பூட்டினுள் முறிந்த திறப்பின் துண்டு கிடந்தால் நல்ல திறப்பு நுழையாது என்பது போன்றது இது. கேட்பதற்கு எளிதான இக் கருத்து எப்போது, எந்நிலைமைகளின் கீழ்த் தோன்றியது? இதனடிப்படையில் எச்.ஐ.வி.க்கு 2003ஆம் ஆண்டில் ஒரு மருந்து கிடைத்திருக்க, இன்புளுவென்சாவுக்கு மட்டும் கிடைக்காமற் போனது ஏன்? இவ் வினாக்களுக்கு விடை காண்பதே எமது நோக்கமாகும்.

1. நோய்க்காரணியும் ஆய்வுக் கருவிகளும்

1918-19ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் கொள்ளைநோயால் இறந்தோர் தொகை இரண்டு கோடி முதல் ஐந்து கோடி வரை எனவும், அதற்கு மேல் எனவும் மதிப்பிடப்படுகின்றது. பிரித்தானிய இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையும் இக் கொடுமைக்குத் தப்பவில்லை. அக் காலத்து மருத்துவர் பலர், 1892இல் ஜேர்மனிய அறிஞர் றிச்சட் பைபர் கண்ட பற்றீரியா ஒன்றே நோய்க்குக் காரணம் எனக் கருதினர். நோயின் காரணி எதுவெனவே அறியாத நிலையில் அதற்கெதிரான மருந்தைத் திட்டமிட்டுத் தேடுதல் இயலாத காரியம்.

இந்நிலை 1933இல் மாறியது. பிரித்தானிய தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வில்சன் சிமித், கிறிஸ்தோபர் அன்ட்றூஸ், பற்றிக் லெயிட்லோ ஆகிய மூவரும், நோயாளரின் தொண்டை கழுவிய நீரை வடிகட்டி, அதனை பெரற் எனப்படும் கீரியையொத்த சிறு விலங்குகளுக்குச் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டினர். பற்றீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் வடியினூடாகவும் நோய்க்காரணி கடந்து சென்றமையால் அது வைரசு என்பது உறுதியாயிற்று. கோழி முட்டையிலுள்ள முளையத்தில் வைரசுகளை வளர்க்கும் முறையை 1931இல் வூட்றவ், குட்பாஸ்ரர் ஆகியோர் அறிமுகப்படுத்தியிருந்தனர். பின்னர் மக்பாலன் பேர்ணெற் போன்றோர் இம் முறையை இன்புளுவென்சாவுக்கும் பயன்படுத்தினர். அரிதான விலங்குகளை நம்பியிருந்த ஆய்வு, எங்கும் கிடைக்கும் முட்டையை நம்பியதாக மாறியது.

1941இல் ஜோர்ஜ் ஹேர்ஸ்ற், இவ் வைரசு கோழியின் செங்குருதிக் கலங்களை ஒன்றாகத் திரளச் செய்யும் என்பதை அவதானித்தார். இத் திரட்சிக்குக் காரணமாக வைரசின் மேற்பரப்பில் முள்போல் நீட்டி நிற்கும் புரதமே பிற்காலத்தில் ஈமோகுளூற்றினின் எனப்பட்டது. அதனை இக் கட்டுரையில் 'குருதித்திரட்டி' என வழங்குவோம். எமது வரலாற்றின் மையப் பொருள் இப் புரதமேயாகும்.

2. வைரசு வைரசைத் தடுத்தல்: குறுக்கீடு பற்றிய ஆய்வுகள்

வைரசு ஒன்றின் துணைகொண்டே வைரசைத் தடுக்கலாம் என்னும் எண்ணம் பெப்தைட்டுகளோடு பிறந்ததன்று. ஒரு வைரசு தொற்றிய உயிரியில் இன்னொரு வைரசு தழைப்பதில்லை என்னும் 'குறுக்கீட்டு' நிகழ்ச்சி 1930களிலேயே அவதானிக்கப்பட்டது. 1943இல் பிலடெல்பியாவில் வேணர் ஹென்லே, கேற்றூட் ஹென்லே தம்பதியர், செயலிழக்கச் செய்யப்பட்ட இன்புளுவென்சா வைரசை முட்டையினுட் செலுத்தினால் அதன்பின் செலுத்தப்படும் உயிர்ப்புள்ள வைரசு பெருகுவது தடைப்படும் எனக் காட்டினர். பெருகும் ஆற்றலை இழந்த வைரசு தடுக்கும் ஆற்றலை இழக்கவில்லை என்பது இதனாற் புலனாயிற்று.

இதன் காரணத்தை ஆராய்ந்த அலிக் ஐசாக்ஸ், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜோன் லிண்டன்மன் ஆகிய இருவரும் 1957இல் மேற்குறித்த பிரித்தானிய நிறுவனத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தனர். வெப்பத்தாற் செயலிழந்த இன்புளுவென்சா வைரசு கோழி முளைய மென்சவ்வின் கலங்களைத் தூண்ட, அக் கலங்கள் தடுப்பாற்றலுள்ள பொருளொன்றைச் சுரக்கின்றன என்பதே அம் முடிவு. அப் பொருளுக்கு அவர்கள் இன்ரபெரோன் எனப் பெயரிட்டனர். தடையை விளைவிப்பது வைரசன்று, வைரசு தீண்டிய கலமே என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆயினும் குறுக்கீடு முழுவதும் இன்ரபெரோனால் விளைவதன்று. டென்மார்க்கைச் சேர்ந்த பிறெபன் வொன் மக்னஸ், வைரசை ஐதாக்காது செறிவான நிலையில் முட்டையிலிருந்து முட்டைக்குத் தொடர்ந்து மாற்றிவரின், தொற்றும் ஆற்றல் குறைந்த குறைத்துணிக்கைகள் பெருகுவதை 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் ஆராய்ந்து காட்டினார். பரம்பரைப் பொருளின் ஒரு பகுதியை இழந்த இத் துணிக்கைகள், முழு வைரசுடன் போட்டியிட்டு அதன் பெருக்கத்தைக் குறைக்கின்றன. 1970இல் அலிஸ் ஹுவாங், டேவிட் பால்ரிமோர் ஆகியோர் இத்தகையவற்றைக் 'குறுக்கிடும் குறைத்துணிக்கைகள்' என வகுத்து வரையறுத்தனர்.

இவ்விரு ஆய்வு மரபுகளிலிருந்தும் பெப்தைட்டு ஆய்வு நேரடியாகப் பிறந்தது எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் வைரசின் குறைபட்ட பகுதியொன்று முழு வைரசின் தொழிலைக் கெடுக்கலாம் என்னும் சிந்தனை விஞ்ஞானிகளிடையே வேரூன்ற இவை வழிசமைத்தன எனலாம். அச் சிந்தனை புரதத் துண்டின் மட்டத்திற்கு இறங்கிவர இரண்டு கருவிகள் தேவைப்பட்டன. புரதத்திலுள்ள அமினோ அமிலங்களின் ஒழுங்கை வாசிக்கும் வல்லமை ஒன்று. அவ் ஒழுங்கை ஆய்வுகூடத்தில் மீளக் கட்டும் வல்லமை மற்றொன்று.

3. 1980: முதற் பெப்தைட்டுகள்

இரண்டாவது கருவி முதலிற் கிடைத்தது. 1963இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தில் புறூஸ் மெறிபீல்ட், அமினோ அமிலங்களைத் திண்மமான பிசின் மணியொன்றின்மேல் ஒவ்வொன்றாகப் பிணைத்துப் பெப்தைட்டைக் கட்டும் முறையை வெளியிட்டார். அதற்கு முன்னர் ஒவ்வொரு படியிலும் விளைபொருளைப் பிரித்துத் தூய்மையாக்க நேர்ந்தது. புதிய முறையிலோ மணியைக் கழுவுவதே போதுமானதாயிற்று. மாதக்கணக்கில் நிகழ்ந்த வேலை நாட்கணக்கிற் சுருங்கியது. இதற்காக 1984இல் அவருக்கு இரசாயனத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

1970களில் குருதித்திரட்டி பற்றிய அறிவும் விரைந்து வளர்ந்தது. இப் புரதம் முதலில் ஒரே சங்கிலியாக உருவாகிப் பின்னர் நொதியமொன்றால் வெட்டப்பட்டு இரு கூறுகளாகின்றது. அவ் வெட்டு நிகழாவிடின் வைரசு தொற்றும் ஆற்றலைப் பெறுவதில்லை என்பதை 1975இல் ஜேர்மனியில் ஹான்ஸ் கிளெங்கும் அவருடைய சகாக்களும், றொக்பெல்லரில் லாசறோவிற்ஸ், பேர்ணெல் சொப்பின் ஆகியோரும் தனித்தனியே நிறுவினர். அதே ஆண்டில் ஜோன் ஸ்கேஹெல், மைக்கேல் வோற்றர்பீல்ட் ஆகியோர், வெட்டினால் வெளிப்படும் இரண்டாம் கூற்றின் தொடக்க முனை வெவ்வேறு இன்புளுவென்சா வைரசுகளில் ஏறக்குறைய மாறாதிருப்பதைக் கண்டனர். ஆண்டுதோறும் தோற்றம் மாறும் வைரசு ஓரிடத்தை மட்டும் மாற்றாதிருக்குமாயின், அவ்விடம் அதன் வாழ்வுக்கு இன்றியமையாதது என்பது பெறப்படும். கிளைசீன், லியூசீன், பினைல்அலனீன், கிளைசீன் எனத் தொடங்கும் இப் பகுதி நீரை வெறுத்துக் கொழுப்பை நாடும் இயல்புடையது.

சின்னமுத்து முதலியவற்றை உண்டாக்கும் பரமிக்சோ வைரசுகளின் இணைவுப் புரதத்திலும் இதையொத்த முனை காணப்பட்டது. இந்த ஒப்புமையே எமது வரலாற்றின் திருப்புமுனையாகும். 1980இல் கிறிஸ்தோபர் றிச்சட்சன், அன்ட்றியாஸ் ஷைட், சொப்பின் ஆகிய மூவரும் இம் முனைகளின் அமினோ அமில ஒழுங்கைப் பின்பற்றிக் குறுகிய பெப்தைட்டுகளைத் தொகுத்து, அவை பரமிக்சோ வைரசுகளையும் இன்புளுவென்சா வைரசையும் கலவளர்ப்பில் தடுப்பதை வெளியிட்டனர். தடுப்பாற்றல் அமினோ அமிலங்களின் ஒழுங்கிலும், அவற்றின் இடஞ்சார் அமைப்பிலும், சங்கிலியின் நீளத்திலும் தங்கியிருந்தது. சின்னமுத்து வைரசுக்கு எதிரான விளைவு குறிப்பாக வலிமையுடையதாயிருந்தது. வைரசின் புரத ஒழுங்கை வாசித்து, அதிலிருந்து வைரசெதிர்ப்புப் பொருளை வகுத்தமைத்த முன்னோடி முயற்சி என இதனைக் கொள்ளலாம்.

மெறிபீல்டின் முறை பிறந்த அதே நிறுவனத்திலேயே இவ் ஆய்வும் நிகழ்ந்தமை கருதத்தக்கது. கருத்தும் கருவியும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடத்தில் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஆயினும் இப் பெப்தைட்டுகள் தொழிற்பட்ட விதம் பற்றிய தொடக்க விளக்கம் நிலைக்கவில்லை. அவை வைரசின் முனையுடன் ஏதோவொரு வாங்கிக்காகப் போட்டியிடுகின்றன என முதலில் எண்ணப்பட்டது. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், அவை மென்சவ்வின் கொழுப்புப் படையிலேயே தங்கி, இணைவுக்கு வேண்டிய வளைவை அது அடையாதவாறு தடுக்கின்றன என்னும் கருத்துக்கு வலுவூட்டின. விளைவு உண்மையாயிருக்க விளக்கம் மாறியது.

4. உருவம் புலப்படல்

அடுத்த கட்டம் பளிங்குருவியலாற் சாத்தியமாயிற்று. அன்னாசிச் செடியின் தண்டிலிருந்து பெறப்படும் புரோமலேன் என்னும் நொதியத்தால் குருதித்திரட்டியை வைரசின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுத்துப் பளிங்காக்கலாம் என 1972இல் பிராண்ட், ஸ்கேஹெல் ஆகியோர் காட்டியிருந்தனர். அப் பளிங்குகளை எக்சுக் கதிர்களால் ஆராய்ந்து இயன் வில்சன், ஸ்கேஹெல், ஹாவட் பல்கலைக்கழகத்தின் டொன் வைலி ஆகியோர் 1981இல் அப் புரதத்தின் முப்பரிமாண உருவை வெளியிட்டனர். ஆராயப்பட்டது 1968ஆம் ஆண்டின் ஹொங்கொங் கொள்ளைநோய் வைரசின் குருதித்திரட்டியாகும். மூன்று ஒத்த அலகுகள் சேர்ந்து ஏறத்தாழ 13.5 நனோமீற்றர் உயரத்தில் நிற்கும் அத் தூணில், மேற்கூறிய இணைவு முனை புரதத்தின் உட்புறத்தே மறைந்திருந்தது. மென்சவ்வினுட் பாயவேண்டிய முனை அதிலிருந்து மிகத் தொலைவில் ஒளிந்திருப்பது எங்ஙனம் பொருந்தும் என்பது புதிராயிற்று.

விடை அமிலத்தன்மையில் இருந்தது. வைரசைக் கலம் ஒரு சிறு புடகத்தினுள் வைத்து உள்வாங்குகின்றது. அப் புடகத்தின் உட்புறம் அமிலத்தன்மை அடைந்ததும் குருதித்திரட்டி உருமாறி, வைரசின் மென்சவ்வையும் புடகத்தின் மென்சவ்வையும் இணைத்துவிடுகின்றது. 1980களின் தொடக்கத்தில் இவ்விடயம் பல ஆய்வுகூடங்களால் உறுதிசெய்யப்பட்டது. உருமாற்றத்தின் பொறிமுறையை 1993இல் சவேலா கார், பீற்றர் கிம் ஆகியோர் விளக்கினர். இரண்டாம் கூற்றில் மடிந்த தளர்வான கண்ணியாக இருக்கும் பகுதியின் 36 அமினோ அமிலங்களைத் தனிப் பெப்தைட்டாகத் தொகுத்தபோது, அது நீண்டு முறுகிய முப்புரிச் சுருளாக உருவெடுத்தது. ஆகவே, முழுப் புரதத்தில் அப் பகுதி அழுத்தி வைக்கப்பட்ட வில்லைப் போன்றது எனவும், அமிலம் பட்டதும் அது விரிந்து இணைவு முனையை மேலே எறிகின்றது எனவும் அவர்கள் கருதினர். அடுத்த ஆண்டில் புலோ, ஹியூசன், ஸ்கேஹெல், வைலி ஆகியோர் உருமாறிய புரதத்தின் பளிங்கமைப்பை வெளியிட்டு இதனை மெய்ப்பித்தனர்.

இணைவு முனையை எறிந்த புரதம் பின்னர் தன்மீதே மடிந்து, இரு மென்சவ்வுகளையும் நெருங்க இழுக்கின்றது. எறிதலுக்கும் மடிதலுக்கும் இடையே அப் புரதம் சிறிது நேரம் நீட்டிய நிலையில் நிற்கின்றது. பெப்தைட்டு நுழையவேண்டிய இடைவெளி அதுவேயாகும்.

5. எச்.ஐ.வி.யின் பக்கச் சான்று

இவ் இடைவெளியை முதலிற் பயன்படுத்திக்கொண்டது இன்புளுவென்சா ஆய்வன்று. ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கார்ள் வைல்ட், தோமஸ் மத்தியூஸ், டானி பொலொக்னெசி ஆகியோரும் அவர்தம் சகாக்களும் எச்.ஐ.வி.யின் இணைவுப் புரதத்திலிருந்து எடுக்கப்பட்ட பெப்தைட்டுகள் அவ் வைரசை மிகக் குறைந்த செறிவிலேயே தடுப்பதை 1992இலும் 1994இலும் வெளியிட்டனர். அப் புரதத்தின் உட்கருப் பகுதியின் அமைப்பு 1997இலேயே வெளிவந்தது. அது இன்புளுவென்சாவின் குருதித்திரட்டியை அமைப்பிற் பெரிதும் ஒத்திருந்தது. நடைமுறை முந்திக்கொள்ள, கோட்பாட்டு விளக்கம் பிந்தி வந்தது.

36 அமினோ அமிலங்களைக் கொண்ட அப் பெப்தைட்டே என்புவேற்றைட் என்னும் பெயரில் 2003 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. அதன் உற்பத்திக்கு நூற்றுக்கு மேற்பட்ட இரசாயனப் படிகள் தேவைப்பட்டன. நாளொன்றுக்கு இருமுறை ஊசிமூலம் ஏற்றவேண்டியிருந்தது. ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு ஏறத்தாழ 20,000 அமெரிக்க டொலர். எச்.ஐ.வி.யின் கொடுமை மிக மோசமாயிருந்த ஆபிரிக்க நாடுகளின் ஏழை நோயாளருக்கு இவ் விலை எட்டாக்கனியாயிருந்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாயால் உட்கொள்ளத்தக்க புதிய மருந்துகள் 2007ஆம் ஆண்டை அடுத்து வந்தபோது வசதி படைத்த நாடுகளிலும் இதன் பயன்பாடு சுருங்கியது. பெப்தைட்டு மருந்து இயலக்கூடியது என்பதை இது நிறுவியது. அதன் பொருளாதார எல்லையையும் இதுவே காட்டியது.

6. இன்புளுவென்சாவின் தனித்த இடர்ப்பாடு

எச்.ஐ.வி. பெப்தைட்டின் வெற்றியை இன்புளுவென்சாவில் அப்படியே மீளச் செய்ய முடியாமைக்கு உயிரியற் காரணம் ஒன்று உண்டு. எச்.ஐ.வி.யின் புரதம் கலத்தின் மேற்பரப்பிலேயே நீட்டிய நிலையை அடையக்கூடியது. குருதியிற் கலந்த பெப்தைட்டு அங்கு அதனை எளிதிற் சந்திக்கின்றது. இன்புளுவென்சாவின் குருதித்திரட்டியோ புடகத்தினுள்ளே, அமிலச் சூழலில் மட்டுமே அந்நிலையை அடைகின்றது. வெளியே உலவும் பெப்தைட்டுக்கு அம் மூடிய அறையினுள் நுழைய வழியில்லை.

இதற்கு 2011இல் கெலி லீ, அந்தோனெல்லோ பெசி, ஆன் மொஸ்கோனா, மத்தேயோ பொறொற்றோ ஆகியோரும் சகாக்களும் ஒரு வழி கண்டனர். குருதித்திரட்டியின் இரண்டாம் கூற்றிலிருந்து எடுத்த பெப்தைட்டுடன் கொலஸ்திரோல் மூலக்கூறொன்றைப் பிணைத்தனர். கொலஸ்திரோல் மென்சவ்வில் ஊன்றிக்கொள்வதால், கலம் வைரசை உள்வாங்கும்போது பெப்தைட்டையும் சேர்த்தே உள்வாங்குகின்றது. இவ்வாறு இடைநிலையிற் பிடிபட்ட குருதித்திரட்டியை இலத்திரன் நுணுக்குக்காட்டியாலும் அவர்கள் அவதானித்தனர்.

வேறொரு முயற்சி நியூ ஓர்லியன்ஸ் நகரில் நிகழ்ந்தது. குருதித்திரட்டியின் இணைவு தொடங்கும் பகுதியை அடிப்படையாகக் கொண்ட புளூபேர்விரைட் என்னும் 16 அமினோ அமிலப் பெப்தைட்டு, 2010களில் மனிதரிடையே முதற்கட்டப் பரிசோதனை வரை சென்றது. ஆயின் சந்தைக்கு வரும் மருந்தாக அது மாறவில்லை.

7. வைரசின் உள்ளகப் பொறி: பொலிமரேசு

வைரசின் வாயிலைவிட்டு அதன் உள்ளகத் தொழிற்சாலையைத் தாக்கிய முயற்சியும் குறிப்பிடத்தக்கது. இன்புளுவென்சா வைரசின் பரம்பரைப் பொருளைப் பிரதிசெய்யும் பொலிமரேசு மூன்று புரதங்களின் கூட்டு. பி.பி.1, பி.பி.2, பி.ஏ. என்பன அவை. பி.பி.1இன் தொடக்க முனை பி.ஏ.யினுள் செருகப்பட்டாலொழிய அக் கூட்டு உருவாகாது. 2007இல் ஜேர்மனியின் பிறைபேர்க் பல்கலைக்கழகத்தில் மாட்டின் ஷ்வெம்லேயின் குழுவினர், அம் முனையின் 25 அமினோ அமிலங்களைக் கொண்ட பெப்தைட்டு பொலிமரேசின் தொழிலையும் வைரசின் பெருக்கத்தையும் தடுப்பதை வெளியிட்டனர். 2008இல் சீன, யப்பானிய ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே இப் பொருத்தத்தின் பளிங்கமைப்பை வெளியிட்டன. முனை குடைவொன்றினுட் செருகியிருப்பது அவற்றிற் தெளிவாகக் காணப்பட்டது.

இம் முனை வைரசுக்கு வைரசு பெரிதும் மாறாதது. ஆயினும் ஏ வகை வைரசின் முனை பி வகையின் பி.ஏ.யுடன் பொருந்துவதில்லை. 2009இல் அதே பிறைபேர்க் குழுவினர் ஏ வகைப் பெப்தைட்டில் ஆறாம் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி, இரு வகைகளையும் தடுக்கும் பெப்தைட்டைப் பெற்றனர். இயற்கையில் இல்லாத ஒழுங்கொன்று இயற்கையானதைவிடப் பரந்த பயனைத் தந்தது.

எனினும் இத்தகைய பெப்தைட்டு கலத்தினுள்ளேயே செல்லவேண்டும். மென்சவ்வு அதற்கு இடங்கொடுப்பதில்லை. இவ்வகை ஆய்வுகளில் பெப்தைட்டை உட்செலுத்தும் வாகனமாக எச்.ஐ.வி.யின் 'ராற்' புரதத்தின் துண்டு பெரிதும் கையாளப்படுகின்றது. ஒரு வைரசின் துண்டை இன்னொரு வைரசின் துண்டு சுமந்து செல்கின்றது.

8. மருந்து பிறவாமைக்கான காரணங்கள்

இன்புளுவென்சாவுக்கு வேறு மருந்துகள் பிறக்காமல் இல்லை. 1966இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட அமன்ரடீன் வைரசின் அயன் வாயிலை அடைப்பது. ஆயினும் வைரசின் விகாரங்களால் அது பயனற்றுப்போக, 2006 ஜனவரியில் அதனைக் கையாள வேண்டாமென அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அறிவித்தது. 1983இல் நியூராமினிடேசு என்னும் வைரசு நொதியத்தின் அமைப்பை அவுஸ்திரேலியாவில் பீற்றர் கொல்மன், ஜோஸ் வர்கீஸ், கிறேம் லேவர் ஆகியோர் வெளியிட்டனர். அதனடிப்படையிலான சனமிவியர் 1999இல் அங்கீகாரம் பெற்றது. ஒசெல்ரமிவியரும் அதே ஆண்டில் வந்தது. 2007-08 பருவத்தில் ஒசெல்ரமிவியருக்கு எதிர்ப்புத்தன்மையுள்ள எச்1என்1 வைரசு முதலில் நோர்வேயில் பெருமளவு அவதானிக்கப்பட்டு, ஓராண்டினுள் உலகெங்கும் பரவியது. பொலிமரேசின் பி.ஏ. கூற்றைத் தடுக்கும் பலொக்சவியர் 2018இல் யப்பானில் அங்கீகரிக்கப்பட்டது. அதுவும் பெப்தைட்டன்று, சிறு மூலக்கூறே.

குருதித்திரட்டியின் அமைப்பு 1981இல் வெளிவந்தது. நியூராமினிடேசின் அமைப்பு இரண்டு ஆண்டுகள் பிந்தியே வந்தது. ஆயினும் பிந்தியதே முதலில் மருந்தானது. நொதியமொன்றின் தொழில் சிறு குடைவொன்றினுள் நிகழ்கின்றது. சிறு மூலக்கூறொன்று அதனை அடைத்துவிடும். புரதமும் புரதமும் பொருந்தும் இடமோ பெரும்பாலும் அகன்ற பரப்பு. அதனை மறைக்க அகன்ற பொருள் வேண்டும். பெப்தைட்டு அதற்கு ஏற்றது. ஆனால் அந்த அகலமே அதற்கு இடையூறாகின்றது. உணவுப் புரதத்தைச் செரிக்கும் நொதியங்கள் பெப்தைட்டையும் செரித்துவிடுவதால் அதனைக் குளிகையாகக் கொடுத்தல் கடினம். குருதியிலும் அது விரைவில் சிதைகின்றது.

இத்துடன் பொருளாதாரக் காரணமும் சேர்கின்றது. எச்.ஐ.வி. நோயாளி வாழ்நாள் முழுதும் மருந்தை நாடுபவர். இன்புளுவென்சா சில நாட்களில் முடிவுறுவது. மருந்தும் நோய்க்குறி தோன்றி இரு நாட்களுக்குள் தொடங்கினாற்றான் நற்பயன் தரும். ஊசிமூலம் ஏற்றும் விலையுயர்ந்த பொருளுக்கு இத்தகைய நோயில் இலாபம் காண்பது அரிது. இலாபத்தை அளவுகோலாகக் கொண்ட மருந்துத் தொழிலில், கொள்ளைநோய் வருமுன் மருந்தைத் தயார்நிலையில் வைக்கும் பொறுப்பை ஏற்போர் குறைவு. 1933இன் வைரசும், 1957இன் இன்ரபெரோனும், 1981இன் குருதித்திரட்டி அமைப்பில் பிரித்தானியப் பங்கும் பொதுப் பணத்தில் இயங்கிய ஒரே தேசிய நிறுவனத்தின் விளைவுகள் என்பதை இவ்விடத்தில் நினைவிற்கொள்ளல் வேண்டும். அறிவு பொதுச் செலவிற் பிறந்தது. அதனை மருந்தாக்கும் முடிவு மட்டும் சந்தையிடம் விடப்பட்டது.

வைரசு யாருக்குரியது என்னும் வினாவும் எழுந்துள்ளது. 2007இன் தொடக்கத்தில் இந்தோனேசியா தன் நாட்டில் மனிதரைத் தொற்றிய எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரசு மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்புக்கு அனுப்புவதை நிறுத்தியது. தாம் கொடுத்த வைரசிலிருந்து செய்யப்படும் தடுப்பூசியைத் தாமே வாங்க இயலாத நிலையை அந்நாட்டின் சுகாதார அமைச்சர் சித்தி பதிலா சுபாரி வன்மையாக எதிர்த்தார். நீண்ட பேச்சுவார்த்தைகளின் பின் 2011 மே மாதத்தில் கொள்ளைநோய் இன்புளுவென்சாவுக்கான ஆயத்தச் சட்டகம் உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டது. வைரசு மாதிரிகளைப் பகிர்தலும் அவற்றால் வரும் பயன்களைப் பகிர்தலும் ஒரே தட்டில் வைத்து நோக்கப்படவேண்டும் என்பது அதன் சாரம்.

பெப்தைட்டைப் பொறுத்தவரை இவ் வினா மேலும் கூர்மையடைகின்றது. பெப்தைட்டைத் தொகுப்பதற்கு வைரசின் மாதிரி தேவையில்லை. அதன் அமினோ அமில ஒழுங்கை அறிந்தாற் போதும். வறிய நாடொன்றின் நோயாளியிடமிருந்து பெறப்பட்ட வைரசின் ஒழுங்கு எழுத்து வரிசையாக உலகெங்கும் செல்ல, அதிலிருந்து எவரும் எங்கிருந்தும் பொருளை ஆக்கலாம். மாதிரியைத் தடுத்து வைத்து நீதி கோரிய வழி இங்கு பயன்படாது. எழுத்து வரிசையால் வரும் பயனில் அந் நோயாளியின் சமூகத்துக்கும் பங்குண்டு என்பதை ஏற்கும் விதிகளே தேவை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். வைரசின் துண்டையே வைரசுக்கு எதிராகக் கையாளும் கருத்து தனியொருவரின் மேதைமையிற் பிறந்ததன்று. முட்டை வளர்ப்பு, பெப்தைட்டுத் தொகுப்பு, பளிங்குருவியல் ஆகிய கருவிகள் ஒவ்வொன்றாக வளர்ந்தபோது அக் கருத்தும் படிப்படியாக உருப்பெற்றது. எச்.ஐ.வி.யில் அது மருந்தாயிற்று. இன்புளுவென்சாவில் அது இன்றளவும் பெரும்பாலும் ஆய்வுக் கருவியாகவே நிற்கின்றது.

ஆயினும் இம் முயற்சியை வீண் எனத் தள்ளுதல் தவறாகும். குருதித்திரட்டியின் வில்லைப் புலப்படுத்தியது ஒரு பெப்தைட்டு. பொலிமரேசின் பொருத்தை ஓர் இலக்காகக் காட்டியது இன்னொரு பெப்தைட்டு. குருதித்திரட்டியின் தண்டுப் பகுதியைப் பற்றும் பிறபொருளெதிரிகளை முன்மாதிரியாகக் கொண்டு வளையப் பெப்தைட்டுகள் 2017இலும், வாயால் உட்கொள்ளத்தக்க சிறு மூலக்கூறொன்று 2019இலும் ஆய்வு நிலையில் வெளிவந்துள்ளன. எவ்விடத்தைத் தாக்கவேண்டும் என்பதைப் பெப்தைட்டுகள் கற்பித்துள்ளன. அவ்வறிவு மருந்தாகி அதனை வேண்டுவோர் கைக்கு வந்து சேருமா என்பது ஆய்வுகூடத்தில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. அடுத்த கொள்ளைநோய் இன்ன ஆண்டில் வரும் என எவராலும் கூற இயலாது. ஆனால் அது வரும் என்பதை 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகள் எமக்கு உணர்த்தியுள்ளன. ஆயத்தம் செய்யவேண்டிய காலம் நோயற்ற காலமே என்பதையும், அவ் ஆயத்தம் பொதுமக்கள் சார்பில் செய்யப்படவேண்டியது என்பதையும் இவ் வரலாறு வலியுறுத்துகின்றது.